எண்பது பேருக்கு நான்கு கழிவறை

தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையிலுள்ள பூதலூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கோ மைசூருக்கோ எர்ணாகுளத்துக்கோ இரவு வண்டி பிடிப்பவர்கள் டிக்கெட், சாப்பாடு, போர்வை, பைக்குப் பூட்டு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிடுகிறார்கள். கழிவறையைப் பற்றி மட்டும் வண்டி கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் யோசனை வருகிறது. சிலர் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பெண்களில் பலர் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள். உடம்புக்குக் கெடுதலான வழி இது, தேவையும் இல்லாதது. டிக்கெட் எடுப்பதில் தொடங்கி விடியற்காலை இறங்குவது வரை எதை எப்போது செய்வது என்று தெரிந்துவிட்டால், பொதுக் கழிவறையையே ஏறக்குறைய நம் வீட்டுக் கழிவறைபோல வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் பொதுவாக நான்கு கழிவறைகள், முனைக்கு இரண்டாக. பழைய நீலப் பெட்டி என்றால் 72 படுக்கை. இப்போது பெரும்பாலான வண்டிகளுக்கு வந்துவிட்ட எல்.எச்.பி. பெட்டி என்றால் 80. ஒரு கழிவறைக்கு இருபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஏ.சி.யில் ஒரே படுக்கையில் உட்கார்ந்து வருபவர்கள், பக்கத்துப் பெட்டியிலிருந்து தேடி வருபவர்கள் எல்லாரும் இதற்கு மேல். எல்.எச்.பி. மூன்றடுக்கு ஏசியில் 72 படுக்கை, இரண்டடுக்கு ஏசியில் ஐம்பது சொச்சம், முதல் வகுப்பு ஏசியில் 24.

கூடுதல் பணம் கொடுத்து மேல் வகுப்புக்குப் போனால், கழிவறை விஷயத்தில் கிடைப்பது இந்த எண்ணிக்கைக் குறைவுதான். கதவைச் சாத்திக்கொள்ளும் தனி அறை முதல் வகுப்பில் உண்டு, ஆனால் அந்த அறைக்குள் கழிவறை கிடையாது. இரண்டு பேர் மட்டும் படுக்கும் ‘கூப்பே’ கிடைத்தாலும் நடையில் இறங்கி முனைக்குத்தான் போக வேண்டும். கழிவறைக்காக மட்டும் வகுப்பை மாற்ற நினைப்பவர்களுக்கு என் யோசனை: ஸ்லீப்பரிலிருந்து மூன்றடுக்கு ஏசிக்கு மாறினால் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டடுக்கு ஏசி என்றால் தெரியும். முழங்கால் வலியோ சர்க்கரையோ உள்ள அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவு தகும்.

தனிக் கழிவறை எங்கே கிடைக்கும்

ஒரு காலத்தில் நம் ரயிலிலும் இருந்தது. பெட்டிக்குள் நீள நடை இல்லாத அந்த நாளில், ஒவ்வொரு முதல் வகுப்பு அறைக்கும் பிளாட்பாரத்துப் பக்கம் தனிக் கதவு, உள்ளேயே தனிக் கழிவறை. பெட்டிக்குப் பெட்டி நடந்து போகும் வசதி வந்ததும் கழிவறைகளை முனைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இன்றைக்கு இணைந்த கழிவறையோடு படுக்கை அறை வேண்டுமென்றால் 1982இல் தொடங்கிய பேலஸ் ஆன் வீல்ஸ், மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ், கர்நாடகத்தின் கோல்டன் சாரியட் மாதிரியான சொகுசு வண்டிகளில் ஏற வேண்டும். அதிகாரிகள் பயணம் செய்யும் ‘சலூன்’ பெட்டியையும் 2018 முதல் பொதுமக்கள் வாடகைக்கு எடுக்க வழி செய்தார்கள். படுக்கை அறை, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. குடும்பக் கல்யாணத்துக்குப் போகிறவர் எடுக்கிற டிக்கெட் இல்லை அது. வந்தே பாரத் படுக்கை வண்டியின் மாதிரியை 2024 செப்டம்பரில் பெங்களூரில் காட்டியபோது, முதல் வகுப்பில் வெந்நீர்க் குளியல் வசதி என்று பெரிதாகப் பேசப்பட்டது. அதுவும் அந்தப் பெட்டிக்காரர்கள் எல்லாருக்கும் பொது. ஸ்காட்லாந்துக்குப் போகும் கலிடோனியன் ஸ்லீப்பரிலும் ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டிலும் அதிகக் கட்டணம் கொடுத்தால் கழிவறையும் ஷவரும் உள்ள அறையே கிடைக்கிறது.

நமக்கு எட்டுகிற தனிக் கழிவறை வண்டியில் இல்லை, ஸ்டேஷனில் இருக்கிறது. பெரிய நிலையங்களில் ‘ரிடையரிங் ரூம்’ என்ற ஓய்வறை உண்டு. உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் பதிவு செய்யலாம். விடியற்காலை இறங்கி, நேராக ஆஸ்பத்திரிக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போக வேண்டியவர்கள் இதை முதலிலேயே பாருங்கள். இறங்குமிடத்தில் ஓர் அறை இருக்கிறது என்று தெரிந்தால், வண்டியில் அவசரமாக எழுந்து வரிசையில் நிற்கிற வேலையே இருக்காது.

எந்த வண்டி, எந்தப் படுக்கை

பூதலூர் வழியாகப் போகும் இரவு வண்டி எல்லாமே பூதலூரில் நிற்காது. பெரும்பாலும் சுமார் 20 கி.மீ. தள்ளியுள்ள தஞ்சாவூருக்கோ, எதிர்த்திசையில் திருச்சிக்கோ போய்த்தான் ஏறுகிறோம். இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது.

1. வண்டி புறப்படும் ஊரிலேயே ஏறப் பாருங்கள். உழவன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூரிலிருந்தே சென்னைக்குக் கிளம்புகிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் திருச்சியிலிருந்து கிளம்புகிறது. கிளம்பும் இடத்தில் கழிவறை கழுவியிருக்கும், தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும், சோப்பு ஊற்றும் குப்பியில்கூட ஏதோ இருக்கும். வழியில் பிடிக்கும் வண்டியில் உங்களுக்கு முன்னால் பல மணி நேரம் பலர் பயன்படுத்திவிட்டார்கள். கடலூரிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக வரும் மைசூர் வண்டியோ காரைக்காலிலிருந்து வரும் எர்ணாகுளம் வண்டியோ நம் ஊருக்கு வரும்போது சில மணி நேரமே ஓடியிருக்கும், பரவாயில்லை. அதே வண்டிகளில் திரும்பி வரும்போது நிலைமை வேறு. இரவு முழுக்க ஓடிய பெட்டியில் காலையில் நீங்கள் கண் விழிக்கிறீர்கள்.

2. டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. படுக்கை எண்ணை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. கீழ்ப் படுக்கை, பக்கவாட்டுப் படுக்கை என்று விருப்பம் சொல்லலாம், அவ்வளவுதான். ‘ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற தேர்வும் ஐ.ஆர்.சி.டி.சி.யில் இருக்கிறது. முதியவரோடு போகிறவர்கள் அதைத் தொடாமல் விடாதீர்கள். 60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 நிரம்பிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்க முன்னுரிமை உண்டு. வயதைச் சரியாகக் கொடுங்கள்.

3. எண் வந்ததும் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எட்டு எட்டாகப் பிரித்தால் போதும். 1 முதல் 8 வரை ஒரு முனை. 72 படுக்கைப் பெட்டியில் 65 முதல் 72 வரையும், 80 படுக்கைப் பெட்டியில் 73 முதல் 80 வரையும் மறு முனை. முப்பது, நாற்பதுகளில் இருப்பவை நடுவில்.

முனைப் படுக்கை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கதவுச் சத்தம், வாடை, இரவெல்லாம் நடமாட்டம் எல்லாம் உண்மைதான். ஆனால் இரவில் மூன்று முறை எழுகிறவருக்கு அதுவே வரம். ஆறடி நடந்தால் வேலை முடிந்தது. தூக்கம் முக்கியம் என்றால் நடு, கழிவறை முக்கியம் என்றால் முனை. முனை பிடிக்காத ஒருவர் நடுவில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளலாம். டி.டி.ஆர். வந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

4. இரவில் அடிக்கடி எழுபவர் நடுப் படுக்கையை எப்படியாவது தவிர்க்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்தப் பலகை விரிந்திருக்கும். இருட்டில், அரைத் தூக்கத்தில் இறங்கும்போது கீழே படுத்திருப்பவர் கையை மிதிப்பதும் தலையை இடித்துக்கொள்வதும் வழக்கமாக நடக்கிறது. மேல் படுக்கைகூடப் பரவாயில்லை, பிடித்து இறங்க ஏணி இருக்கிறது.

பையில் தனியாக ஒரு சிறு பை

பெரிய பெட்டியின் அடியில் சோப்பைப் போட்டுவிட்டு இரவு ஒரு மணிக்கு எல்லாரையும் எழுப்பித் தேடாமல் இருக்க, கழிவறைக்கென்று தனிப் பை வையுங்கள். கழுத்திலோ தோளிலோ மாட்டுகிற மாதிரி, ஜிப் வைத்தது நல்லது. உள்ளே போனால் பையைக் கீழே வைக்க இடம் இருக்காது, கொக்கியும் எல்லாக் கழிவறையிலும் இருக்காது.

காகித சோப்பு அல்லது சிறு சோப்புக் கட்டி. ஒரு லிட்டர் பழைய தண்ணீர் பாட்டில், நிரப்பி. கொஞ்சம் டிஷ்யூ, அல்லது பழைய வேட்டியைக் கிழித்த துண்டு இரண்டு. மடித்த செய்தித்தாள். சின்ன டார்ச். ஒரு பிளாஸ்டிக் கவர். பெண்களுக்கு நாப்கின்கள். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் காகிதப் புனல் இப்போது மருந்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. உட்கார முடியாத முழங்கால்காரப் பெண்களுக்கு அது பெரிய உதவி, ஆனால் வீட்டில் ஒருமுறை பழகிப் பார்க்காமல் வண்டியில் முயல வேண்டாம்.

காலுக்கு, அடிப்பக்கம் நன்றாக வரி உள்ள ரப்பர் செருப்பு. தேய்ந்த ஹவாய் செருப்பு ஈரத் தரையில் வழுக்கும். வெறுங்காலோடு போவதும் சாக்ஸோடு போவதும் கூடவே கூடாது.

*குறிப்பு:* ஏசி பெட்டியில் கொடுக்கும் போர்வையையும் விரிப்பையும் கழிவறைப் பக்கம் எடுத்துப் போகாதீர்கள். தோளில் போட்டுக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அதே போர்வையை இழுத்து மூடிக்கொண்டுதான் பிறகு தூங்கவும் செய்கிறார்கள்.

கிளம்பும் நாள் சாப்பாடு

இரவு வண்டிக்கு எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், இட்லி போதும். கல்யாண வீட்டிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள்தான் நடு இரவில் அவதிப்படுகிறார்கள். தண்ணீரைப் பகல் முழுக்க வழக்கம்போல் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் அளவைக் குறைத்து, காபி டீயை விட்டுவிடுங்கள். சிறுநீரை அடக்கி வைப்பதும் தண்ணீரைத் தவிர்ப்பதும் சேர்ந்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வர வழியாகிறது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், பயண நாளில் அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டிலேயே போய்விட்டு வருவதுதான் முதல் வேலை. ஆனால் பூதலூரிலிருந்து தஞ்சாவூர் போய், வண்டிக்குக் காத்திருந்து ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும். அதனால் வண்டி ஏறும் ஸ்டேஷனில் காத்திருப்பு அறைக் கழிவறையை ஒருமுறை பயன்படுத்திவிடுங்கள். அசையாத தரை, நிறையத் தண்ணீர். அன்று இரவு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஏறியதும் பத்து நிமிடத்தில்

பையைச் சங்கிலி போட்டுப் பூட்டியதும், வண்டி கிளம்புவதற்கு முன்பே, இரண்டு முனைகளுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பயன்படுத்துவதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

1. எது இந்தியன், எது வெஸ்டர்ன்?
2. எதில் தாழ்ப்பாள் சரியாக விழுகிறது? உள்ளே நின்று ஒருமுறை போட்டு எடுங்கள்.
3. எதில் விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, சங்கிலியில் குவளை இருக்கிறது?
4. எந்தக் கதவு கழிவறைக்கு, எந்தக் கதவு வெளியே இறங்க? இரண்டும் அருகருகே இருக்கின்றன. பகலில் சிரிப்பு வரும். இரவு இரண்டு மணிக்கு, கண்ணாடி போடாமல், தூக்கக் கலக்கத்தில் வருகிறவருக்கு இது உயிர் விஷயம். வண்டி ஓடும்போது இறங்கும் கதவு திறந்திருந்தால் சாத்திவிட்டுப் பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நான்கில் எது நல்லது என்று தெரிந்துகொண்டீர்கள். இனி இரவு முழுக்க அதுதான் உங்கள் கழிவறை. ஏசி பெட்டிகளில் கழிவறையில் ஆள் இருக்கிறதா என்று காட்டும் சிறு விளக்கு நடையின் மேலே இருக்கும். படுக்கையிலிருந்து அது தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் வண்டியில் பெட்டியைச் சுத்தம் செய்யும் ஊழியர்கள் இருக்கும் வண்டிகளிலும், அவர்கள் வேலை பொதுவாகக் காலை 6 முதல் இரவு 10 வரைதான். உழவன் கிளம்புவதே அந்த நேரத்தை ஒட்டித்தான். ஆகவே இரவில் யாரும் கழுவ வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பிய முதல் ஒரு மணி நேரம்தான் கழிவறை மிகச் சுத்தமாக இருக்கும் நேரம். தேவை பெரிதாக இல்லாவிட்டாலும் படுக்கும் முன் அப்போதே போய்விடுங்கள்.

உள்ளே போவது முதல் வெளியே வருவது வரை

1. வண்டி ஸ்டேஷனை விட்டு வெளியேறும் வரை காத்திருங்கள். தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் பெட்டி பக்கவாட்டில் குலுங்கும். அப்போது ஒற்றைக் காலில் நிற்கக் கூடாது. சீரான ஓட்டம் வந்ததும் எழுங்கள்.

2. செல்போனை மேல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். குனிந்தால் விழும். உடன் வருபவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஜிப் பைக்குள் போடுங்கள். தளர்ந்த மோதிரத்துக்கும் இதேதான். விழுந்துவிட்டால் குழிக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டாம்.

3. நுழையும் முன்பே உடையைச் சரி செய்யுங்கள். வேட்டியை மடித்துக் கட்டி, பேன்ட் காலை இரண்டு மடிப்பு உயர்த்தி, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, துப்பட்டாவை வெளியே விட்டுவிட்டு. உள்ளே அந்தக் குறுகிய இடத்தில் இதைச் செய்யப் போனால் ஈரத்தில்தான் முடியும்.

4. தாழ்ப்பாளைப் போட்டதும் கதவை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். குலுக்கலில் பாதி விழுந்த தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்ளும்.

5. முதலில் தண்ணீர். பயன்படுத்தும் முன்பே ஃபிளஷை ஒருமுறை அழுத்துங்கள். வேலை செய்கிறதா என்றும் தெரியும், உலர்ந்த கோப்பை நனைந்து பிறகு கழுவ எளிதாகவும் இருக்கும். ஃபிளஷ் வேலை செய்யவில்லை, குழாயிலும் தண்ணீர் இல்லை என்றால் வெளியே வந்து அடுத்ததற்குப் போங்கள். முடித்த பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை.

6. இந்தியன் என்றால் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றி, முழுப் பாதமும் பதியும்படி உட்கார்ந்து, ஒரு கை சுவரிலுள்ள கம்பியை விடாமல் பிடித்திருக்க வேண்டும். வெஸ்டர்ன் என்றால் இருக்கையைத் துடைத்து, செய்தித்தாளையோ டிஷ்யூவையோ விரித்து உட்காரலாம். எழுந்ததும் அந்தத் தாளைக் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும்.

வெஸ்டர்ன் மேல் செருப்புக் காலோடு ஏறிக் குந்துகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடுத்து வருகிறவருக்கு அசிங்கம் என்பது ஒரு பக்கம். ஓடும் வண்டியில் வழுவழுப்பான விளிம்பில் நின்று சறுக்கினால் காலும் இடுப்பும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முழங்கால் ஒத்துழைக்கும் யாருக்கும் நான் சொல்வது இந்தியன்தான். உடம்பு எதிலும் படாது, அலசிவிடவும் எளிது.

7. ஃபிளஷ். சில புதிய பெட்டிகளில் காற்றால் உறிஞ்சும் வகை வந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பெரிய சத்தத்தோடு இழுக்கும், தண்ணீர் கொஞ்சமே வரும். பழுது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். குழந்தைகளுக்குச் சத்தத்தை முன்பே சொல்லிவையுங்கள், பயந்துவிடும்.

8. தரையில் தெறித்திருந்தால் ஒரு குவளை ஊற்றி விடுங்கள். ஒன்று போதும். ஒரு பெட்டியின் தொட்டியில் இருப்பது ஆயிரத்துச் சில நூறு லிட்டர்தான், எண்பது பேர் இரவு முழுக்க அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்தே விடுபவர்தான் காலையில் தண்ணீர் இல்லை என்று சத்தம் போடுகிறவரும்.

9. வெளியே வாஷ்பேசினில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இருக்கையில் உட்கார்ந்ததால் நோய் வரும் என்று பயப்படுகிறவர்கள், தாழ்ப்பாளையும் குழாயையும் தொட்ட கையோடு முறுக்கு சாப்பிடுவதற்குப் பயப்படுவதில்லை. நோய் பெரும்பாலும் கை வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. பெட்டிக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம், குடிக்கக் கூடாது.

*எச்சரிக்கை:* கழிவறைக்குள் பீடி, சிகரெட் பற்றவைக்காதீர்கள். குற்றம் என்பது இருக்கட்டும், குப்பைத் தொட்டியில் காகிதம் கிடக்கிறது, பூட்டிய அறையில் நீங்கள் நிற்கிறீர்கள். புகையை உணரும் கருவி உள்ள ஏசி பெட்டியில் மணி அடித்து வண்டியே நின்றுவிடக்கூடும்.

தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால்

இழுத்து உடைக்க முயலாதீர்கள். கதவை உடம்பால் உள்பக்கம் இழுத்தோ வெளியே அழுத்தியோ இறுக்கம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே தாழ்ப்பாளை நகர்த்துங்கள். வண்டி வளைவில் போகும்போது கதவுச் சட்டம் இறுகும், நேர்ப் பாதைக்கு வந்ததும் பல சமயம் தானாக விடுபடும். முடியாவிட்டால் உள்ளங்கையால் கதவைத் தட்டிச் சத்தம் கொடுங்கள். பக்கத்திலேயே முனைப் படுக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். செல்போன் பையில் இருந்தால் ரயில்வே உதவி எண் 139க்குப் பேசுங்கள். தனியாகப் பயணம் செய்பவர் போனை ஜிப் பைக்குள் வைத்து எடுத்துப் போக வேண்டும் என்று சொல்வது இதற்காகவும்தான்.

யாருக்குத் துணை வேண்டும்

முதியவரைத் தனியே அனுப்பாதீர்கள். வாசல் வரை கூடப் போய், தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லி, நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நில்லுங்கள். படுத்திருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். அவர்களுக்காக நீங்கள் விழிக்க வேண்டிய நேரத்தையும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், ‘தூங்குற புள்ளையை ஏன் எழுப்பணும்’ என்று தனியாக எழுந்து போகமாட்டார்கள். பல விழுதல்கள் அந்தப் பரிவில்தான் நடக்கின்றன.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழக்கமான பெட்டியின் கதவும் கழிவறையும் போதாது. பல வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று அகலக் கதவும் பெரிய கழிவறையும் கொண்ட பகுதி, வண்டியின் முன்போ பின்போ இருக்கும் கார்டு பெட்டியோடு சேர்ந்து இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் வண்டியில் உண்டா என்று விசாரித்து, பிளாட்பாரத்தில் அது எந்த முனையில் வந்து நிற்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வந்த பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓட முடியாது.

குழந்தைகளுக்கு: உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது, இறங்கும் கதவுப் பக்கம் கை விடக் கூடாது. டயப்பரைப் படுக்கையிலேயே மாற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கவரில் போட்டு, வாஷ்பேசின் அடியிலுள்ள குப்பைத் தொட்டியில் போடலாம். நாப்கினுக்கும் அதே முறைதான்.

தனியாகப் போகும் பெண்கள், நடு இரவில் போக வேண்டியிருந்தால் எதிர்ப் படுக்கையிலுள்ள பெண்ணை ஒரு குரல் எழுப்பிவிட்டுப் போவதில் தயக்கம் வேண்டாம். பதிலுக்கு நீங்கள் அவர் பையைப் பார்த்துக்கொள்வீர்கள். ஏசி பெட்டி என்றால் உதவியாளர் இருக்கும் முனையைத் தேர்ந்தெடுங்கள். வாசலில் யாராவது கூட்டமாக நின்றிருந்தால் திரும்பி மறு முனைக்குப் போங்கள். தொல்லை என்றால் 139தான், ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் அதுவே எண்.

குழிக்குள் எதைப் போடக் கூடாது

முன்பு எல்லாம் தண்டவாளத்தில் விழுந்தது. இப்போது பெட்டிக்கு அடியில் தொட்டி. அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. நம் மாநிலத்தின் மானாமதுரை – ராமேஸ்வரம் 114 கி.மீ. பாதைதான் 2016 ஜூலையில், எல்லா வண்டிகளிலும் இந்தத் தொட்டி பொருத்திய நாட்டின் முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது.

நுண்ணுயிர் பிளாஸ்டிக்கைத் தின்னாது. தண்ணீர் பாட்டில், நாப்கின், டயப்பர், துணி, பாக்குப் பொட்டலம், டீ கப் எது விழுந்தாலும் கோப்பைக்குக் கீழுள்ள வளைவுக் குழாயில் அடைத்து நிற்கும். அடைத்த கழிவறையை வழியில் சரி செய்வது கடினம். நான்கில் ஒன்று போனால் மிச்சம் மூன்றுக்கு எண்பது பேர். ரயிலில் அசுத்தம் செய்பவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் 2012 முதல் விதி இருக்கிறது.

‘நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர்’ என்ற பழைய அறிவிப்பு இன்னும் பல பெட்டிகளில் இருக்கிறது. தொட்டி வந்த பிறகு அதன் பழைய காரணம் போய்விட்டது. அவசரம் என்றால் அடக்க வேண்டாம். ஆனால் நிற்கும் நேரத்தில் ஆட்கள் ஏறி இறங்கும்போது உங்கள் பை தனியாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விடியற்காலை வரிசை

சென்னை வண்டிகளில் தாம்பரத்துக்கு முன்னால், ஊருக்குத் திரும்பும்போது தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் முன்னால், பெட்டியே எழுந்து நிற்கும். பல் தேய்ப்பவர், முகம் கழுவுபவர், சேலை மாற்றுபவர், எல்லாருக்கும் அந்த இரண்டு முனைகள்தான்.

இறங்கும் நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக அலாரம் வையுங்கள், அதிர்வில் மட்டும். முதலில் கழிவறை, பிறகு பல். பல் தேய்ப்பதை வாஷ்பேசினில் நின்று செய்யாமல், உங்கள் பாட்டில் தண்ணீரில் முடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. உடை மாற்றும் வேலையை அந்த ஈர அறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கிய பிறகு காத்திருப்பு அறையில் மாற்றலாம். வரிசை நீளமாக இருந்தால், கட்டாயம் இல்லாதவர்கள் விட்டுவிட்டு ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் ஊருக்குப் பத்து நிமிடம் முன்பு உள்ளே போய் மாட்டிக்கொண்டவர் அடுத்த ஊரில்தான் இறங்குவார்.

தண்ணீர் நின்றுவிட்டால், அடைத்துக்கொண்டால்

1. பெட்டி எண், கழிவறை எந்த முனையில் என்பது, பி.என்.ஆர். மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
2. ஏசி பெட்டி என்றால் முதலில் உதவியாளர். ஸ்லீப்பர் என்றால் டி.டி.ஆர்.
3. பதில் இல்லையென்றால் 139க்குப் பேசுங்கள், அல்லது ‘ரயில் மதத்’ செயலியில் பதியுங்கள். செயலியில் படமும் இணைக்கலாம். ‘மோசமாக இருக்கிறது’ என்று எழுதாமல், ‘எஸ்5, இன்ஜின் பக்கம், இடது கழிவறை, தண்ணீர் இல்லை’ என்று எழுதுங்கள். அடுத்து வண்டி நிற்கும் நிலையத்தில் ஆள் வர வேண்டுமானால் அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்.
4. புகாரை நேரத்தோடு பதியுங்கள். தண்ணீர் நிரப்பும் வசதி எல்லா நிலையத்திலும் இல்லை, இருக்கும் நிலையத்தைத் தாண்டிவிட்டால் பிறகு விடியும் வரை காத்திருக்க நேரும்.
5. புகார் எண் குறுஞ்செய்தியில் வரும். வேலை முடியாமலே முடிந்ததாகச் செய்தி வந்தால், செயலியில் கருத்துக் கேட்கும் இடத்தில் ‘திருப்தி இல்லை’ என்று பதிந்துவிடுங்கள்.
6. அதுவரைக்கும் பக்கத்துப் பெட்டி. ஸ்லீப்பர் டிக்கெட்டோடு அடுத்த ஸ்லீப்பர் பெட்டிக்குப் போவதில் தவறில்லை. நடைபாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடங்கள், கையில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கட்டும்.